பச்சைச் சால்வை

தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றின் ஏசி அரங்கில் எரிவாயுக் கம்பெனி இன்று பசுமைக் கூட்டமைப்பில் சேருகிறது. முன்வரிசை முழுக்கத் தொழில் வர்த்தக சபைக்காரர்கள், கோட்டும் சென்ட்டுமாக. விவசாயிகள் தரப்பு என்று ரெமிஜியஸையும் அழைத்திருக்கிறார்கள். வயலுக்கடியில் குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் அவர் வந்திருக்கிறார். மைக் இன்னும் அவர் பக்கம் வந்தபாடில்லை. கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி மாளவிகா தாம்பாளத்தோடு வருகிறாள். ஒவ்வொரு கோட்டின் மேலும் பளபளவென்று ஒரு பச்சைச் சால்வை விழுகிறது. ரெமிஜியஸின் தோளில், இந்தக் கூட்டத்துக்கென்றே இஸ்திரி போட்டு வந்த உழவர் சங்கத்துப் பச்சைத் துண்டு. "உங்களுக்குப் போட்டாச்சுல்ல சார்" என்று சிரித்துவிட்டு நகர்கிறாள். "எல்லாரும் மேடைக்கு வாங்க, ஒரு போட்டோ!" மைக் அங்கேதான் இருக்கிறது என்று அவரும் ஏறுகிறார். ஏறியபின்தான் இருபுறமும் பார்க்கிறார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பச்சை. கீழேயிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே சங்கம். சத்தமில்லாமல் துண்டை உருவி, சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். "ஐயையோ, சாருக்குப் போடலையா?" மாளவிகா ஓடி வருகிறாள். கம்பெனி முத்திரை போட்ட சால்வை ஏசிக் குளிரோடு அவர் தோளில் வழுக்கி உட்காருகிறது. அவள் கும்பிடுகிறாள். கும்பிட்டவர்களுக்குக் கும்பிட்டே பழகிய கை, தன்னால் குவிகிறது. துண்டு நழுவிக் காலடியில் விழுகிறது. கேமரா மின்னுகிறது.