பாஸ்குவாலாவின் சிலுவை

கல்லறைத் தோட்டத்தில் காலையிலிருந்து களை வெட்டியதில் எலிஹியோவுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

அன்று செத்தவர்கள் தங்கள் கல்லறைக்குத் திரும்பி வருவதாக நம்பும் இறந்தோர் திருநாள். சினிமாப் பேய் பாஸ்குவாலாவின் பெயர் எழுதிய சிலுவைக்கு முன்னால் ரசிகர்கள் சாமந்தியைக் குவித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எலிஹியோ, மெக்சிகோ நகரத்திலிருந்து வந்திருந்த படக்கம்பெனி மேனேஜர் ஃபாபியானிடம் போனார்.

"தம்பி, இன்னைக்காவது அந்தச் சிலுவையைப் பிடுங்கிடுங்க."

"என்ன பெரியவரே, பேய் புடிச்சுக்கும்னு பயமா? மூணாம் பாகம் பிப்ரவரியில இங்கதான் எடுக்கிறோம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. மேயரே கையெழுத்துப் போட்டுட்டாரு."

"மொதப் படத்துக்கு நட்டப்பவும் ஒரு வாரம்னுதானே சொன்னீங்க?"

"அட, வெறும் மரக்கட்டை! உங்களுக்கென்ன நஷ்டம்?"

எலிஹியோ சிலுவையின் அடிமண்ணைக் காட்டினார்.

"அதுக்குக் கீழ கிடக்கிறது என் பொஞ்சாதி, தம்பி. இன்னைக்கு வருவா. வேற எவ பேரையோ பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவா. நீங்க கழட்டிட்டுப் போன அவ சிலுவையை இன்னும் திருப்பித் தரல."