ஏழாவது ஆட்டக்காரன்

"கோல் வலையில ஓட்டை இருக்கு. இதைச் சரிபண்ணாம என் பசங்க உள்ள இறங்க மாட்டாங்க."

பக்கத்து ஊர் க்ரோம் கால்பந்து அணியின் மேலாளர் ஜெனோன் இதைச் சொன்னபோது மணி சரியாக இரண்டு. ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம்.

உள்ளூர் ஓர்கான் அணியை நடத்தும் யாகோடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடைசிப் பிரிவு லீக்ல வலைன்னு ஒண்ணு தொங்குறதே பெரிசு, ஐயா!"

"விதின்னா விதிதாம்மா."

இளம் நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். "அவர் சொல்றது சரி மேடம். முதல்ல வலையைத் தைங்க. ஆட்களைக் கூப்பிட்டு எண்ணுறதெல்லாம் அப்புறம்."

எண்ணுவது என்றதும் யாகோடா தன் அணி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். உடை மாற்றும் அறைக்குள் இருந்தவர்கள் ஆறே பேர்.

நேற்று கேப்டன் ஹூபெர்ட்டுக்குக் கல்யாணம். ஊரே விடிய விடிய ஆடித் தீர்த்தது. 'நான் ஒருத்தன் போகலைன்னா என்ன, மத்தவங்க போவாங்க' என்று ஆட்டக்காரன் ஒவ்வொருத்தனும் நினைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஏழு பேராவது இல்லையென்றால் ஆட்டமே கிடையாது. வாக்ஓவர். எதிரணிக்கு மூன்று கோல் என்று எழுதிவிடுவார்கள். மூன்று வாக்ஓவர் ஆனால் அணியையே லீக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். உருளைக்கிழங்கு அறுவடைக்கு ஆட்கள் போனதில் ஓர்கான் அணிக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது.

பெரியவர்கள் அணி போனால் மைதானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஊராட்சியில் சொல்லியாயிற்று. அப்புறம் சின்னப் பையன்கள் அணி எங்கே ஆடும்? போன மாதம்தான் சேர்ந்த பதினோரு சிறுமிகள் எங்கே போவார்கள்?

கையில் கொடிக்கயிறும் கோணி ஊசியுமாக அவள் வலையைத் தைத்தாள். இதே கோல்கம்பத்துக்குப் பின்னால்தான் சின்ன வயதில் நின்று கத்துவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். கூட்டம் நேரே இங்கேதான். தொத்திறைச்சி சுடும் வாசனை வழியெல்லாம் வரும். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்து பெஞ்சுக்கு அடியில் தோல் குவிந்து கிடக்கும். ஜெயித்தால் பாட்டு. தோற்றால் இன்னும் சத்தமாகப் பாட்டு.

அவளுக்கு ஒன்பது வயதானபோது ஓர்கான் கலைந்தது. பத்தொன்பது வருஷம் இங்கே முள்செடிதான் ஆடியது. போன வருஷம் நாலு சிநேகிதர்களோடு அரிவாள் எடுத்து இறங்கியவள் அவள்.

"தைச்சாச்சு! வந்து பாருங்க!"

ஜெனோன் வந்தார், பார்த்தார். "வலை சரி. கோடு? பெனால்டி கட்டத்துல பாதிக் கோட்டைக் காணோமே."

பார்வையாளர் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "யோவ், புல்லு எத்தனைன்னு எண்ணிச் சொல்லட்டுமா?"

"சொல்லேன், எனக்கென்ன அவசரம்?"

யாகோடாவின் ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இடுப்பில் அவளுடைய சின்ன மகள். நாலு திட்டுத் திட்டிக்கொண்டே கோடு போட ஆரம்பித்தவளுக்கு நடுவில்தான் பொறி தட்டியது. அட, இந்த மனுஷன் பண்ணும் குடைச்சல் நமக்குத்தானே நல்லது! அதன்பின் கோலம் போடுவதுபோல் ஆற அமரப் போட்டாள்.

கோல்கீப்பர் ராடெக் ஓடிவந்து காதில் கிசுகிசுத்தான். "அக்கா, ஹூபெர்ட் போனை எடுத்துட்டான்! வர்றானாம்!"

"மாப்பிள்ளையா? பொண்டாட்டி விட்டாளா?"

"அவதான் கார் ஓட்டிட்டு வர்றா. இவனுக்கு இன்னும் ஒரு கண்ணுதான் தொறந்திருக்காம்."

"ஒத்தைக் கண்ணு போதும். வரச் சொல்லு."

கோடு முடிந்தது. ஜெனோன் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மூலைக்கொடி உயரம் குறைவோ என்று சந்தேகமாம். முதல் கொடியை அளந்தார். இரண்டாவதை இரண்டு தடவை அளந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுத்தார்கள்.

மூன்றாவது கொடியில் இருந்தபோது, பலூன் கட்டிய கார் புழுதியோடு வந்து நின்றது. கல்யாணச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக ஹூபெர்ட் இறங்கி, தள்ளாடாமல் நடக்கப் படாதபாடு பட்டான்.

"கொடியெல்லாம் பரவாயில்லை. ஆரம்பிக்கலாம்" என்று ஜெனோன் நாடாவைச் சுருட்டினார்.

ஏழு பேரும் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். ஒன்பது கோல் வாங்கினார்கள். ஆனால் ஆட்டம் நடந்தது. பெஞ்சில் பாட்டு அந்தக் காலம்போலவே காதைப் பிளந்தது.

வெற்றிச் சிரிப்போடு யாகோடா ஒரு தட்டுத் தொத்திறைச்சியை ஜெனோனிடம் நீட்டினாள். கிண்டல் பண்ணாமல் விட மனம் வரவில்லை.

"ரொம்ப நன்றிங்க ஐயா. உங்க கறார்தான் எங்களைக் காப்பாத்துச்சு. ரெண்டு மணிக்கு நாங்க எத்தனை பேர் இருந்தோம் தெரியுமா?"

"ஆறு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் உங்க அறை ஜன்னல் வழியா எண்ணிட்டேன்."

"அப்போ... பேசாம நின்னிருந்தா மூணு புள்ளி சும்மா கிடைச்சிருக்குமே. ஏன் ஐயா?"

ஜெனோன் தட்டை வாங்கிக்கொண்டார். உடனே சாப்பிடவில்லை. பாடுகிற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷம் முன்னாடி எங்க ஊருக்கு ஆட வந்தப்போ, ஓர்கான் பஸ் வழியில ரிப்பேர். இருபது நிமிஷம் லேட். விதிப்படி காத்திருக்க வேண்டிய கால் மணி முடிஞ்ச அந்த நொடியே, 'வாக்ஓவர் எழுதுங்க சார், இது அவங்களுக்கு மூணாவது'ன்னு நடுவர் கையைப் பிடிச்சு எழுத வெச்ச கேப்டன் நான்தாம்மா."