எறும்புகள் போன வழி

"இந்தப் பக்கம் வாங்க" என்று அவள் கை காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். இலைகள். எல்லாம் ஒரே மங்கல். ரத்தமும் பச்சையும் அவன் கண்ணில் எப்போதும் ஒன்றுதான்.

விடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். கொம்பு மான் என்று நினைத்துத்தான் சுட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம் அது துள்ளியது. விழவில்லை.

அதன் பிறகு அவனுக்கு அவள் கண்தான்.

கல்யாணமாகிப் பதினோரு வருடமாக அப்படித்தான். தக்காளி பழமா காயா என்பதிலிருந்து காட்டில் ரத்தம் எங்கே என்பதுவரை அவள் சொல்லித்தான் தெரியும். ஊரில் யாருக்கும் இது தெரியாது. அடிபட்ட மானை விடாதவன் என்று அவனுக்குப் பேர்.

இன்று ஒரு புதரருகே அவள் தேவைக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் எதையோ துடைத்தாள்.

பிறகுதான் கை காட்டினாள்.

அவன் காலடியில் எறும்புகள், சாரை சாரையாக. அவள் காட்டிய பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

போன மாதமும் தடம் அறுந்துவிட்டது என்றாள். நாலாம் நாள் அவள் அண்ணன் சின்னாண்டி வீட்டுக் கொடியில் உப்புக்கண்டம் காய்ந்தது.

"ஆட்டுக்கறி மாப்ள. மூஞ்சி ஏன் அப்படிப் போவுது?" என்று சிரித்தான் சின்னாண்டி.

அண்ணனுக்காகவா?

கல்யாணப் புடவை அரக்கு என்றாள். அரக்குதானா? சந்தைக்குக் கிளம்பிய அன்று சட்டையில் கறை இல்லை என்றாள். பிறகு ஏன் பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்?

"நீ முன்னால போ புள்ள. செருப்புல முள்ளு."

அவள் நடந்தாள். நின்று திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் நடந்தாள்.

அவன் எறும்புகளின் பின்னால் போனான். பத்தடி. இருபதடி.

தாழ்வான ஒரு இலையில் ஒரு சொட்டு. யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது.

வெள்ளை.

தொட்டான். பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தான்.

பால்.

கீழே ஈர மண்ணில் மானின் குளம்படி. அதை ஒட்டியே இன்னொன்று, கட்டைவிரல் நகம் அளவில்.

சொல்லியிருக்கலாமே இவள்.

சொன்னால் கேட்கிற ஆளா நீ என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

எதிர்ப் புதருக்குள் ஏதோ மூச்சு வாங்கியது. துப்பாக்கி தோளில் கனத்தது.

பின்னால் சருகு நொறுங்கியது. அவள்தான். முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் பிடித்திருந்தாள்.

"அங்க என்ன பாக்குறீங்க?"

அவன் அந்த இலையைக் கிள்ளி மடியில் செருகிக்கொண்டான். எறும்புச் சாரையைக் காலால் கலைத்தான்.

"ஒண்ணுமில்ல. இங்க சிவப்பே இல்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நம்பாதவளாக.