முள் சிலிர்க்க இடம்

கிழங்கு வேட்டைக்கு இந்த முறை பிள்ளைகளையும் கூட்டிப்போவதென்று முடிவானது. முள்ளம்பன்றிக் குடும்பம் கூடாரம் வாங்கக் கரடியின் கடைக்கு வந்தது.

அப்பா ஒரு சின்னக் கூடாரத்துக்குள் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து, தானும் படுத்துப் பார்த்தார். "கச்சிதமா இருக்கு. தூக்கிட்டுப் போகவும் லேசு."

"படுத்தா சரிதாங்க. பயந்து முள்ளு சிலிர்த்துக்கிட்டா துணி என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டாள் அம்மா.

"நான் இருக்கிறப்ப யாரு பயப்படப் போறா?"

அம்மா கரடி பக்கம் திரும்பினாள். "கரடியண்ணே, அந்தப் பெரிய கூடாரத்தையே கட்டிக் குடுங்க" என்றாள்.

"இதுல யானையே குடியிருக்கலாம்" என்று முனகிக்கொண்டே அப்பா அதை மலைவரை சுமந்தார்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. தலைக்கு மேலேயே ஓர் இடி இடித்தது. கூடாரத்துக்குள் எல்லார் முட்களும் குத்திட்டு நின்றன. முதலில் எழுந்தவை அப்பாவுடையவை.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். ஒரு முள்கூடத் துணியைத் தொடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. "அப்பாடா" என்றாள். பிள்ளைகளின் முட்கள் படியும்வரை பொறுத்திருந்து, பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

மழை விட்டதும், பக்கத்தில் சின்னக் கூடாரம் போட்டு நனைந்துபோன முயல் எட்டிப் பார்த்தது. "அடேயப்பா, எவ்வளவு பெரிசு!"

"பின்னே? குடும்பத்தோட வர்றப்ப பெரிசாத்தான் எடுக்கணும்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்" என்றார் அப்பா.

அம்மாவின் முட்கள் மறுபடியும் சிலிர்த்தன. நல்லவேளை, அதற்கும் கூடாரத்தில் இடம் இருந்தது.