ஒட்டிக்கொண்ட மூன்று காசு

"செத்தவன் சட்டைப்பையில இருந்த காசைக் கொண்டாந்து பீரோவுல வச்சிருக்கியே, உனக்குச் சோறு எப்படிடா உள்ள இறங்குது?"

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார் என் நாத்தனார்.

"நல்லாவே இறங்குதுக்கா. நேத்துகூட ரெண்டு தடவை வாங்கிப் போட்டுக்கிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பழைய காசு சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். கவிழ்ந்த கப்பல், இடிந்த சுரங்கம், எரிந்த ஆலை என்று தேடித் தேடிச் சாவுக் காசாகச் சேர்ப்பார். யார் கையிலிருந்து, எப்படி வந்தது என்று கொடுத்தவர் கைப்பட எழுதிய கடிதம் இல்லாவிட்டால் ஒரு காசையும் வீட்டுக்குள் விடமாட்டார். என்னைக் கட்டும்போதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

போன மாதம் வந்தவை மூன்று காசுகள். மில் தீ விபத்தில் இறந்த ஒருவருடைய பையில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. அன்றிலிருந்து பீரோப் பக்கம் போவதையே நான் விட்டுவிட்டேன். போனில் நாத்தனாரிடம் உளறிவைத்தது நான்தான்.

"எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு இருக்கியேடா! அவன் பொண்டாட்டி வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்? நீயாவது சொல்லக் கூடாதா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னா எங்க கேக்கறார், அண்ணி?"

"அப்ப நான் சொல்றேன். அந்தக் காசு இங்க இருக்கறவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீயும் என் பொண்ணு கல்யாணத்துக்கு வர வேணாம்டா."

கொடுக்க எடுத்த கல்யாணப் பத்திரிகையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டாரே! யாராவது ஒரு வார்த்தை சொன்னால் கடிதத்தை நீட்டி, கோர்ட்டில் வாதாடுவதுபோல் அரைமணி நேரம் வாதாடுகிற ஆள். நினைத்தபடியே கடித உறையைக் கையில் எடுத்தார்.

என்ன தோன்றியதோ, அப்படியே வைத்துவிட்டார்.

"தப்புதான்க்கா. நீயே எடுத்துட்டுப் போய் ஆத்துல போட்டுடு."

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. நாத்தனார் முந்தானையில் கை படாமல் காசை முடிந்துகொண்டார். பத்திரிகை வந்தது. இரண்டு தம்ளர் காபியும் குடித்துவிட்டு, பாவத்திலிருந்து தம்பியைக் காப்பாற்றிய நிறைவோடு கிளம்பினார்.

இவர் காசு இருந்த காலிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"ஊருக்கெல்லாம் புலி, அக்காவுக்கு மட்டும் பூனையா?" என்றேன். "இவ்வளவு ஆசையா வச்சிருந்தீங்க. அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தா அண்ணி வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பாங்கல்ல?"

"போயிருப்பா. அதனாலதான் காட்டல. கல்யாணம் நடக்கப்போற வீடு, நிம்மதியா இருக்கட்டும்."

"ஒரு காகிதத்துல என்ன நிம்மதி கெட்டுடப் போகுது?"

உறையை என் பக்கம் தள்ளினார். பயத்தில் அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. பிரித்துப் படித்தேன்.

'இவை என் கணவர் பையில் இருந்தவை. போலீஸார் எங்கள் பழைய வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்தார்கள். நான்கு பிள்ளைகளோடு நின்ற நான், மறுமாதமே அந்த வீட்டை விற்க வேண்டியதாயிற்று. என் நிலைமை தெரிந்ததும், வாங்க வந்தவர்கள் பாதி விலைக்குமேல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் காசைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.'

கீழே பழைய வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் எழுதியிருந்தார் அந்த அம்மாள்.

என் நாத்தனார் வீட்டு விலாசம்.