நுரையீரலுக்காக விற்ற வீடு

ஆபரேஷன் செய்யாவிட்டால் பஸ் டிரைவரின் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி யோசிக்கவே இல்லை. இருந்த ஒரே வீட்டைப் புரோக்கர் மூலம் விற்றாள். குடும்பம் டிப்போவில், ஓடாத பஸ் ஒன்றுக்குள் குடியேறியது.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் அசந்துபோனார்.

"பளிச்சுன்னு இருக்கே! என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. வீட்டை வித்துட்டோம், இப்போ பஸ்ல ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்கறேன்."

"பழைய வீட்டுச் சுவர்ல ஈரம் இருந்துதா?"

"கட்டில் பக்கத்துல முழுக்கக் கறுப்பாப் பூஞ்சை," என்றாள் மனைவி. "பெயின்ட் அடிச்சு மறைச்சுத்தான் வித்தோம்."

"அதுதாம்மா வியாதியே! ஆபரேஷன் வேண்டாம். அந்தப் பணத்துல வேற வீடு வாங்குங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்போ வாங்கினவங்க பாவம் டாக்டர்! யாரோ ஒரு அம்மா பேர்ல எழுதிக் கொடுத்தோம்."

"எந்த வீடு?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, பச்சை கேட் போட்டது."

டாக்டர் பேச வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நிற்காமல் வந்தது.

டிரைவர் எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க, டாக்டர்?"