மருமகனும் ஆடலாம்

"இது உதைபந்தாட்டமோ, மாட்டுச் சந்தையோ?"

விமலநாதன் மேசையில் அடித்த அடியில் தேநீர்க் கோப்பைகள் துள்ளின.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் வருடாவருடம் நடத்தும் சுற்றுப்போட்டிக்கான கூட்டம் அது. விமலநாதனின் கல்லூரி கிண்ணத்தைத் தொட்டு ஒன்பது வருடம். எதிரே அமர்ந்திருந்த ஐங்கரனின் கல்லூரியோ மூன்று வருடமாக அதை விடவில்லை.

"இவை என்ன செய்யினம் தெரியுமோ? ஆட்டத்துக்கு முந்நூறு யூரோ குடுத்து, ஜெர்மன் கழகத்தில ஆடுற பெடியனை இறக்கினம். மேலால ட்ரோன் பறக்குது. நெஞ்சில சிப் கட்டி, எவ்வளவு ஓடுறான் எண்டு அளக்கினம். இந்தா, பாருங்கோ!"

ஐங்கரன் பெருமைக்கு வட்ஸ்அப்பில் போட்ட சிப் கணக்கை விமலநாதன் அச்செடுத்தே வந்திருந்தார். தாளின் தலைப்பில் 'பிருந்தன்' என்றிருந்தது.

"காசிருந்தா நீங்களும் கட்டுங்கோவன் அண்ணை" என்று ஐங்கரன் சிரித்தார்.

"எங்கட பெடியள் வேலை முடிஞ்ச களைப்போட வந்து ஆடுறாங்கள், தம்பி. காசுள்ளவன்தான் வெல்லுவான் எண்டா, கிண்ணத்தைக் கடையிலயே வாங்கலாமே?"

மண்டபம் கைதட்டியது.

அந்தச் சூட்டோடு விதியையும் சொன்னார். "பழைய மாணவர், அவையின்ட பிள்ளையள், மருமக்கள். வேற ஆரும் ஆட ஏலாது. காசும் இல்லை, சிப்பும் இல்லை."

"மருமக்கள் எதுக்கு அண்ணை?" என்றார் தலைவர் றெஜினோல்ட்.

"மருமகன் எண்டா மகன்தானே!"

யார் மறுப்பது? விதி நிறைவேறியது. ஐங்கரன் முகத்தில் ஈயாடவில்லை. "இப்பிடி ஒரு நியாயமான மனுசன்!" என்று பலரும் விமலநாதனுக்குக் கைகொடுத்தார்கள். அவர் தாளைக் கவனமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி சுந்தரேஸ்வரி காத்திருந்தாள்.

"கூட்டம் என்ன மாதிரி?"

"நியாயம் வெண்டது. இனிப் பயமில்லை, எங்கட பிள்ளை கிருசாந்தியின்ட கலியாணத்தைப் பேசி முடிப்பம்."

"அந்தப் பிருந்தனோ? அவன் ஐங்கரனுக்கெல்லோ ஆடுறவன்!"

"இனி அங்க ஆட ஏலாது. இஞ்ச ஆடலாம்."

"வீடு சீதனமாக் கேக்கினமே?"

"எழுதிக் குடுப்பம்."

"முந்நூறு யூரோவுக்கு வீட்டில அந்தக் கத்துக் கத்தினனீங்கள்!"

"அது விலை. இது முறை."

சுந்தரேஸ்வரி பெருமூச்சு விட்டாள். "சரி, பிள்ளைக்கும் பெடியனைப் பிடிச்சிருக்கு. சாதகம் பொருந்துதோ?"

விமலநாதன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரித்தார்.

"திறமான பொருத்தம். ஒரு ஆட்டத்தில பதினொரு கிலோமீற்றர் ஓடுறான்!"